அருந்ததி வெட்டிய பெயர்கள்

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில், அருந்ததி தாயோடு குடியிருந்தாள். வயது முப்பத்தொன்று. அவள் என்ன வேலை செய்கிறாள் என்பது அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. கேட்காமல் விட்டார்கள் என்று பழி சொல்லமுடியாது. கேட்டார்கள், அவளும் பொறுமையாகச் சொன்னாள், கேட்டவர்கள் பாதியிலேயே "அப்பிடியோ" என்றுவிட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கி நிரம்பாத கதைக்குத் தாவிவிட்டார்கள்.

தாய் அன்னபாக்கியம் மட்டும் ஒரு விடை வைத்திருந்தார். கலியாணம் பேசி வருகிறவர்களிடம், "சின்னச் சின்ன மெசினுக்குள்ள லினக்ஸ் எண்ட சாமானை அடைஞ்சு மூடிக் குடுக்கிறவ" என்பார். வந்தவர்களுக்கு அது ஏதோ தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலையாகப் பட்டது. இரண்டு நல்ல சம்பந்தங்கள் அப்படியே தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போயின. உண்மையைச் சொன்னால் அன்னபாக்கியம் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. படித்த எந்த எஞ்சினியரும் அதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

பஸ் ரிக்கெற் மெசின், லிஃப்ற், லொறியை நிறுக்கும் தராசு எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரு சின்னக் கொம்பியூட்டர் இருக்கிறது. அதற்குள் இடம் மிகக் குறைவு. அது ஓடுவதற்கு என்னென்ன மென்பொருள் வேண்டுமோ அவற்றை ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுத்து, மூலத்திலிருந்து ஆக்கி, ஒரே கட்டாகக் கட்டி உள்ளே இறக்கவேண்டும். அந்தக் காரியத்துக்கு 'பில்ட்' என்று பெயர். கட்டை எவ்வளவு சின்னதாகக் கட்டலாம் என்பதில் தன்னை அடிக்கக் கொழும்பில் ஆளில்லை என்று அருந்ததி நினைத்துக்கொண்டிருந்தாள். அது பெரிய பொய்யும் இல்லை.

அந்தக் கெட்டித்தனம் வீட்டிலும் அவளை விடவில்லை. ஒழுங்கையில் யார் கனடாவுக்குப் புறப்பட்டாலும் சூட்கேஸ் முதலில் அருந்ததியின் வீட்டுக்குத்தான் வரும். ரின், அட்டைப்பெட்டி, லேபல் எல்லாம் வீண் பாரம் என்பது அவள் கட்சி. எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, மாவகைகளையும் தூள்வகைகளையும் ஒரே மாதிரியான பொலித்தீன் பைகளில் கட்டி, செங்கல் அடுக்குவதுபோல அடுக்கிவிடுவாள். ஒருமுறை பெரியம்மா ஒருவர் ரொறொன்ரோவிலிருந்து போன் எடுத்து, உழுத்தம்மா என்று நினைத்து, பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மாவில் களி கிண்டிய கதையை அரைமணி நேரம் சொல்லி ஏசினார். அருந்ததி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். திருந்தவில்லை.

ஒபிஸ் நுகேகொடையில் ஒரு ரயர்க் கடைக்கு மேல் இருந்தது. முதலாளி வரதராசாவையும் சேர்த்து ஐந்து பேர். வரதராசா நல்ல மனிசன், ஆனால் எதற்கெடுத்தாலும் வயிறு எரிகிற மனிசன். சட்டைப்பையில் எப்போதும் ஒரு மாத்திரைப் பட்டை இருக்கும். கொள்கலன் லொறிகளை நிறுக்கும் தராசுப் பெட்டிதான் அவர்களுடைய பெரிய தயாரிப்பு. அதன் புரோகிராமை எழுதிய எஞ்சினியர் இரண்டாயிரத்து ஆறில் சண்டை மறுபடி மூண்டதும் மெல்பேர்ணுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு அதை உள்ளே வைத்து மூடத் தெரிந்தவள் இருந்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று முழுக்கத் தெரிந்தவர் ஒருவரும் இருக்கவில்லை.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, களனிப் பக்கம் ஒரு கொள்கலன் முற்றத்தில் அந்தப் பெட்டி மக்கர் பண்ணத் தொடங்கியது. லொறி மேடையில் ஏறும், திரையில் எண் வரும், அப்படியே இறுகிப்போகும். எந்த விசையைத் தட்டினாலும் அசையாது. கரண்டை நிறுத்திப் போட்டால்தான் உயிர் வரும். அதற்குள் லொறிகள் வீதிவரைக்கும் வரிசை கட்டிவிடும். பக்கத்தில் ஆற்றுப் பாலம் இருந்தது. குண்டுப் பயம் பிடித்த அந்த நாளில் பாலத்தடியில் பத்து லொறி சும்மா நின்றால் காவலில் நிற்கிறவர்களுக்குச் சும்மா இருக்கமுடியுமா?

சிக்கல் இதுவல்ல. அங்கே மூன்று பேர் முறைவைத்து வேலை செய்தார்கள். மெசின் இறுகுவது வலன்ரைன் என்பவருடைய ஷிஃப்டில் மட்டுமே. மற்ற இருவரும் சிங்களவர்கள். வலன்ரைன் கொட்டாஞ்சேனைத் தமிழர். முற்றத்து மனேஜர் ஸவாஹிர் இதைப் பெரிதாக எடுக்கவில்லை, ஆனால் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்கள் எடுத்தார்கள். ஏன் அந்த ஆளின் கையில் மட்டும் மெசின் நிற்கிறது, ஏன் லொறிகள் பாலத்தடியில் குவிகின்றன என்று கேட்டார்கள். ஸவாஹிர் வரதராசாவைக் கூப்பிட்டு, ஒரு கிழமைக்குள் காரணம் கண்டுபிடித்துத் தராவிட்டால் விசயம் தன் கையை விட்டுப் போய்விடும் என்றார்.

ஒபிஸில் இருந்த அதே மாதிரிப் பெட்டியை அருந்ததியும் மற்றவர்களும் நாள்முழுக்கத் தட்டிப் பார்த்தார்கள். அது இறுகவே இல்லை. ஆகவே இறுகும் இடத்துக்குப் போய், இறுகியிருக்கும்போதே பார்க்கவேண்டும். அதற்கு டிபக்கர் என்று ஒன்று இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு புரோகிராமைப் பிடித்து நிறுத்தி, இப்போது எந்த வரியில் நிற்கிறாய், எதற்காகக் காத்துக்கொண்டு நிற்கிறாய் என்று விசாரிக்கும் புரோகிராம் அது. வழக்கமாக அதில் ஒரு துண்டை மட்டும் பெட்டியில் வைத்துவிட்டு, மீதியை லப்ரொப்பில் வைத்து, வயரால் இணைத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த முற்றத்துக்குள் லப்ரொப் கொண்டுபோக விடமாட்டார்கள். கடிதத்தில் எழுதி முத்திரை குத்திய சாமான் மட்டும்தான் வாசலைத் தாண்டும். 'மெமரி கார்ட் ஒன்று' என்று எழுத அனுமதி கிடைத்தது. கார்டிலிருந்து கட்டைப் பெட்டிக்குள் இறக்க மட்டுமே முடியும், அப்படியென்றால் முழு டிபக்கரையும் பெட்டிக்குள்ளேயே அடையவேண்டும்.

பெட்டியில் மிஞ்சிய இடமோ சுண்டைக்காய் அளவு. அருந்ததிக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. இப்படியொரு சூட்கேஸ் அவளுக்கு இதுவரை வாய்த்ததில்லை. நான்கு நாள் மல்லுக்கட்டினாள். டிபக்கரை பில்டுக்குள் சேர்க்கும் குறிப்பை எழுதி, அது கேட்கும் துணைக் கோப்புகளைச் சேர்த்து, தேவையில்லாத கிளைகளை நறுக்கினாள். ஒவ்வொரு தடவையும் பில்ட் முடிய ஐந்து மணித்தியாலம் பிடித்தது. இரண்டு தடவை நாலரை மணித்தியாலத்தில் கரண்ட் போய், முதலிலிருந்து தொடங்கினாள். எல்லாம் சேர்த்த பிறகும் கட்டு பெரிதாகத்தான் இருந்தது.

கடைசியில் 'ஸ்ட்ரிப்' என்ற கட்டளையைக் கையில் எடுத்தாள். ஒவ்வொரு கோப்புக்குள்ளும் அதன் உறுப்புகளின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கும். ஓடுவதற்கு அந்தப் பெயர்கள் தேவையில்லை. விசாரிக்கிறவருக்குத்தான் தேவை. தராசுப் புரோகிராமின் பெயர்களை மட்டும் விட்டுவிட்டு, சுற்றியிருந்த துணைக் கோப்புகள் அத்தனையிலும் பெயர்களை வெட்டி எறிந்தாள். கட்டு உள்ளே போய், நாற்பது கிலோபைற் இடமும் மிஞ்சியது. வரதராசா மனம் குளிர்ந்து எல்லோருக்கும் மீன் வைத்த மாலு பணிஸ் வாங்கிக் கொடுத்தார். அருந்ததி அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே வீட்டுக்கு வந்தாலும் சொகுசாய்ச் சீற்றில் இருந்து வந்தவள்போலத்தான் இருந்தாள்.

முற்றத்து வாசலில் கடிதத்தையும் கார்டையும் அடையாள அட்டையையும் மாறி மாறிப் பார்த்து, முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு விட்டார்கள். தராசு அறையில் வலன்ரைன் இருந்தார். ஐம்பத்தேழு வயது, நெஞ்சுப் பையில் செபமாலை, கதிரைக்குக் கீழே கழற்றி வைத்த சப்பாத்து. கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் இருபது வருடம் ரெலெக்ஸ் மெசினில் செய்தி அடித்தவர். அந்த ஏஜென்சி மூடப்பட்டு இங்கே வந்தாலும் விரல்கள் அங்கேயேதான் இருந்தன. அவர் திரையைப் பார்த்து அடிப்பதில்லை. ஜன்னலால் வரும் லொறியின் இலக்கத்தைப் பார்ப்பார், லொறி மேடையில் ஏறி ஆடிக்கொண்டிருக்கும்போதே எல்லாவற்றையும் அடித்து முடித்திருப்பார். அருந்ததி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் என்று கூப்பிட்டு, தன் சாப்பாட்டுப் பார்சலில் பாதியைக் கட்டாயப்படுத்திக் கொடுத்தார். கொட்டாஞ்சேனையில் வேதக்கோயிலுக்குப் பின்பக்கம்தான் வீடு, திருநாளுக்குத் தாயையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்றார்.

பின்னேரம் மூன்று மணிக்கு மெசின் இறுகியது. லினக்ஸில் ஒரு திரை இறுகினால் இன்னொரு திரைக்குத் தாவலாம். அருந்ததி தாவினாள், டிபக்கரை எழுப்பினாள், தராசுப் புரோகிராமைப் பிடித்தாள். உள்ளே எத்தனை வேலையாள்கள் என்று கேட்டாள். ஒரு புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் பல வேலைகள் நடக்கலாம், ஒவ்வொன்றையும் ஒரு வேலையாள் என்று வைத்துக்கொள்ளலாம். டிபக்கர் ஒரே ஒரு ஆளைக் காட்டியது. அந்த ஆள் அடுத்த லொறி வரட்டும் என்று நிம்மதியாகக் காத்துக்கொண்டிருந்தார். ஒரு குறையும் இல்லை. மூன்று தடவை பார்த்தாள், மூன்று தடவையும் அதே நிம்மதிதான்.

போகும்போது வலன்ரைன் கேட்டார். "மெசினிலதானே பிழை, மகள்?"

"ரிப்போர்ட்டில எழுதுவன் அங்கிள்" என்றாள்.

எழுதினாள். புரோகிராமில் பிழை எதுவும் காணப்படவில்லை என்று எழுதினாள். கண்டதைத்தான் எழுதினாள் என்று அவளுக்காக வாதாடலாம். ஆனால் தான் கட்டிய கட்டின் அழகில் மயங்கி, அதன் கண் சரியாகத் தெரிகிறதா என்று ஒருதரம் சோதித்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை ஸவாஹிர் போன் எடுத்தார். மெசினில் பிழை இல்லையென்றால் மனிசனில்தானே இருக்கவேண்டும் என்று மேலே முடிவாகிவிட்டதாம். வலன்ரைனை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லியாயிற்று. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பொலிஸில் வாக்குமூலம் கொடுக்கப் போகவேண்டும். அந்த வருடத்தில் ஒரு தமிழ் ஆள் வாக்குமூலம் கொடுக்கப் போனால் பின்னேரம் திரும்பி வருவாரா, மாதக்கணக்கில் உள்ளே இருப்பாரா என்பது யாருக்கும் தெரியாது. அருந்ததி அன்று சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிவிட்டாள். அந்த மனிசனின் பார்சலில் பாதியைத் தின்றவள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒழுங்கையில் செக்கிங் வந்தது. அன்னபாக்கியம் அரிசி களைந்துகொண்டிருந்தார். அவருடைய தம்பி இராசரத்தினம் கண் வைத்தியத்துக்காக வவுனியாவிலிருந்து முதல்நாள்தான் வந்திருந்தார். அவர் பெயரைப் பொலிஸில் இன்னும் பதியவில்லை, திங்கட்கிழமை போகலாம் என்று இருந்தார்கள். பெல் அடித்த நேரத்தில் அவர் குளியலறைக்குள் இருந்தார்.

வெள்ளவத்தையில் தமிழ் வீடு என்றால் கதவுக்குப் பின்னால் ஒரு படிவம் தொங்கும். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்த படிவம் அது. வந்த கொன்ஸ்ரபிளுக்கு மழை தூறுவதற்குள் ஒழுங்கையை முடிக்கிற அவசரம். படிவத்தைப் பார்த்து முதல் பெயரை வாசித்தார், அன்னபாக்கியம் தலையை ஆட்டினார். இரண்டாவது பெயரை வாசித்தார், அருந்ததி அடையாள அட்டையை நீட்டினாள். இரண்டு பெயர், இரண்டு ஆள். "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லிக் குறித்துக்கொண்டு மேல்மாடிக்கு ஏறினார். அன்னபாக்கியம் அரிசிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் இராசரத்தினம் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். "ஆர் வந்தது?" என்று கேட்டார்.

அக்கா வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஏசத் தொடங்கினார். அருந்ததிக்கு அது ஒன்றும் காதில் விழவில்லை. கதவுக்குப் பின்னால் தொங்கிய படிவத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொன்ஸ்ரபிள் வீட்டை எண்ணவில்லை. படிவத்தில் இருந்த பெயர்களை எண்ணினார். பெயர் இல்லாதவர் குளியலறைக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாலும் அவருக்கு அங்கே ஆள் இல்லை. டிபக்கரும் அதைத்தான் செய்திருக்கிறது. வேலையாள்களின் பெயர்களை வைத்திருக்கும் துணைக் கோப்பு ஒன்று உண்டு. அதைப் பார்த்துத்தான் டிபக்கர் ஆள் எண்ணும். அந்தக் கோப்பிலும் பெயர்களை வெட்டி எறிந்தவள் யார்? செங்கல் அடுக்குவதுபோல அடுக்கிய இந்தக் கெட்டிக்காரிதான்.

மாமாவை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு வரதராசாவுக்குப் போன் எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமையென்றும் பாராமல் அவர் திறப்போடு வந்து ஒபிஸைத் திறந்தார். அந்த ஒரு கோப்பில் பெயர்களைத் திரும்ப விட்டால் போதும், முழு பில்டும் தேவையில்லை, கட்டி முடிப்பது அரைமணி வேலை. ஆனால் கட்டு அறுபது கிலோபைற் கூடுகிறது, இருப்பதோ நாற்பது. எதையாவது இறக்கவேண்டும். பெட்டி திறக்கும்போது ஒரு படம் வரும், நிறுவனத்தின் சின்னம். அந்தச் சிவப்பைத் தெரிந்தெடுக்க வரதராசா மூன்று மாதம் யோசித்தவர். அருந்ததி அதைக் காட்டினாள். வரதராசா ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, எடுக்கச் சொன்னார்.

அடுத்தது பெட்டியை இறுகவைப்பது. அதற்கு வலன்ரைன் வேண்டும். லப்ரொப்பை முற்றத்துக்குக் கொண்டுபோக முடியாது, ஆனால் வலன்ரைனை நுகேகொடைக்குக் கொண்டுவர யார் தடுப்பது? இது முதலே ஏன் தோன்றவில்லை என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டு அருந்ததி கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோ பிடித்தாள்.

கதவைத் திறந்தவர் வலன்ரைனின் மனைவி மாக்ரெட். பூசைக்குப் போய்வந்த சேலையை இன்னும் மாற்றவில்லை. யாரென்று சொன்னதும் முகம் இறுகிவிட்டது. இருக்கச் சொல்லவில்லை. பின்னால் வலன்ரைன் வந்து நின்றார். இரண்டு நாளில் ஆள் பாதியாகியிருந்தார்.

"அங்கிள், நான் எழுதின ரிப்போர்ட் பிழை" என்றாள் அருந்ததி. "மெசினை நான் வடிவாப் பாக்கேல்லை."

"அதை அங்க போய்ச் சொல்லுங்க மகள்" என்றார் மாக்ரெட். "இங்க வந்து சொல்லி எங்களுக்கு என்ன?"

"சொல்லத்தான் போறன் அன்ரி. அதுக்கு முதல் அங்கிள் எங்கட ஒபிஸில வந்து கொஞ்சம் ரைப் பண்ணவேணும்."

மாக்ரெட் கணவனைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் அவருடைய சப்பாத்தை எடுத்துக்கொண்டு வந்து வைத்தார். தானும் ஓட்டோவில் ஏறினார்.

ஒபிஸில் இருந்தது லொறித் தராசு இல்லை, மூட்டை நிறுக்கும் சின்ன மேடை. கீழே ரயர்க் கடையும் பூட்டு. ஏற்றி இறக்க ஒன்றும் இல்லை. வரதராசா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே மேடையில் ஏறினார். எண்பத்தொரு கிலோ. வலன்ரைன் கதிரையில் நிமிர்ந்து இருந்து, முதலாளி என்ற லொறி ஏறும்போதே வாயில் வந்த ஒரு இலக்கத்தை அடித்து என்ரரைத் தட்டினார். வரதராசா இறங்கினார், ஏறினார், இறங்கினார். பத்தாவது லொறிக்கு வேர்த்தது. பதினாறாவது லொறிக்கு மூச்சு வாங்கியது. இறுகிப்போயிருந்த மாக்ரெட்டின் முகத்திலேயே ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. இருபத்தேழாவது லொறியில் மெசின் இறுகியது.

அருந்ததி டிபக்கரை எழுப்பி, உள்ளே எத்தனை வேலையாள்கள் என்று கேட்டாள். நாலு பேர் வரிசையாக வந்து நின்றார்கள். முதலாமவர் அதே பழைய நிம்மதியோடு காத்திருந்தார். இரண்டாமவர் தராசைப் பார்ப்பவர். எண் ஆடி நிற்கிற கணத்தில் அவர் பதிவேட்டைப் பூட்டிவைத்துக்கொண்டு, திரையின் சாவியைக் கேட்டு நின்றார். மூன்றாமவர் விசைப்பலகையைப் பார்ப்பவர். அவர் திரையின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, பதிவேட்டுக்காக நின்றார். நாலாமவர் சீட்டு அச்சடிப்பவர், அவருக்கு இன்னும் வேலை வரவில்லை. ஒருவரிடம் இருப்பதை மற்றவர் கேட்கிறார், இருவரும் விடுவதாக இல்லை. உலகம் முடியும்வரை இப்படியே நிற்பார்கள். எண் ஆடி நிற்கும் அந்த அரைக் கணத்துக்குள் யாராவது என்ரரைத் தட்டினால்தான் இது நடக்கும். மற்ற இரண்டு பேரும் எண் நிற்கும்வரை மரியாதையாகக் காத்திருந்து, ஒற்றை விரலால் தேடித் தேடி அடிப்பவர்கள். வலன்ரைனுடைய குற்றம் வேகம் ஒன்றுதான்.

அருந்ததி இதைச் சொன்னபோது வலன்ரைன் தன் இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மாக்ரெட் லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

வரதராசா மேடையிலிருந்து மெல்ல இறங்கினார். "அப்ப பிழை எங்கடையோ?" என்று கேட்டார்.

"ஓம் சேர். எங்கட புரோகிராமிலையும் பிழை. என்ர ரிப்போர்ட்டிலையும் பிழை."

அப்படி எழுதிக் கொடுத்தால் அந்த முற்றம் கையை விட்டுப் போகலாம், அதைக் கேட்டு மற்றவர்களும் போகலாம். வரதராசா சட்டைப்பையைத் தடவினார். மாத்திரைப் பட்டை வெறுமையாக இருந்தது. மாக்ரெட் இருந்த பக்கம் திரும்பாமலே கடிதத் தாளை எடுத்து, தானே எழுதி, தானே கையெழுத்து வைத்தார். கீழே அருந்ததியும் வைத்தாள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கடிதம் ஸவாஹிரின் மேசையில் இருந்தது. அவர் ஒருதரம் வாசித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அடுத்தடுத்துப் போன் எடுத்தார். ஒன்பதரைக்கு வெளியே வந்து, வாக்குமூலம் தேவையில்லையாம் என்று சொன்னார். அருந்ததி வாசலுக்கு வெளியே வந்து, வீதியோரம் நின்று, கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு பஸ் ஏறினாள்.

பிழையைத் திருத்துவது இரண்டு வரி வேலை. முற்றத்து வாசலில் காட்டும் பழைய அனுமதிக் கடிதம் செல்லுபடியான கடைசி நாளில் அதைக் கொண்டுபோய்ப் போட்டாள். வலன்ரைன் வேலைக்குத் திரும்பினார். முற்றமும் கையை விட்டுப் போகவில்லை. இரண்டு கிழமையாக மெசின் ஒருதரமும் இறுகவில்லை என்று ஸவாஹிர் சொன்னபோது வரதராசா தன் சிவப்புச் சின்னத்தைத் திரும்பப் போடலாமா என்று மெதுவாகக் கேட்டார். அருந்ததி இடமில்லை என்றுவிட்டாள்.

மூன்றாம் கிழமை புதுக் கடிதத்தோடு போய், மெசின் எழுதிவைத்த நேரக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க ஏதோ சரியில்லை. மூன்று ஷிஃப்டும் ஒரே மாதிரி இருந்தன. எந்த ஷிஃப்டிலும் எண் நிற்பதற்கு முன் யாரும் என்ரரைத் தட்டியிருக்கவில்லை. அப்படியானால் மெசின் இறுகாததால் ஒன்றும் நிரூபணமாகவில்லை. திருத்தியது சரியா என்று இன்னும் ஒருவருக்கும் தெரியாது.

தராசு அறைக் கதவைத் திறந்தாள். வலன்ரைன் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். எண் ஆடி நின்றது. இன்னும் கொஞ்சம் பொறுத்தார். பிறகு வலக்கைச் சுட்டுவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்தினார். இருபது வருடம் ரெலெக்ஸ் அடித்த மனிசன்.

"ஏன் அங்கிள் இப்பிடி அடிக்கிறியள்? மெசினைத் திருத்தியாச்சு."

"தெரியும் மகள்" என்றார் அவர். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. "மத்த ரெண்டு பேரும் அடிக்கிற மாதிரி அடிச்சா என்னை ஒருத்தரும் தனியாப் பாக்க மாட்டாங்கதானே."

தான் எழுதிய ஒரு வரி இந்த மனிசனின் ஒன்பது விரலைக் கட்டிப்போட்டிருக்கிறது. கடிதம் எழுதி வாக்குமூலத்தை நிறுத்தலாம். இதை எப்படித் திருப்பி எழுதுவது? மெசின் பிழைவிட்டால் அது தன் பிழை என்று இந்த முறை முதலே எழுதி ஸவாஹிரிடம் கொடுத்துவிட்டு வந்திருப்பதாகச் சொன்னாள். உண்மையில் கொடுக்கவில்லை. போகும்போது கட்டாயம் கொடுப்பது என்று அந்த நிமிசம்தான் முடிவெடுத்தாள். கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"இண்டைக்கு முழுக்க நான் இஞ்சதான் இருக்கப்போறன். உங்கட கையால அடியுங்கோ அங்கிள்."

வெளியே ஒரு நீலக் கொள்கலன் லொறி திரும்பி வந்துகொண்டிருந்தது. வலன்ரைன் சுட்டுவிரலை விசைப்பலகைக்கு மேலே பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றிக் கதிரைக்குக் கீழே தள்ளினார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். லொறியின் முன்சில்லு மேடையில் ஏறியபோது பத்து விரலும் இறங்கின. லொறி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அவர் என்ரரைத் தட்டினார்.

திரையில் எண் ஆடியது, நின்றது, சீட்டு வெளியே வந்தது. வலன்ரைன் அதைப் பார்க்கவில்லை. அடுத்த லொறியின் இலக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.